மூன்றாம் நாள் வீடு திரும்புகிறவர்கள்

"எத்தனை பாயிண்ட், சிஸ்டர்?"

பச்சிளம் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிற எந்தச் செவிலியரும் ஒரு ஷிப்டுக்குள் பத்து முறையாவது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார். பிறந்த குழந்தைக்கு வருகிற மஞ்சள் காமாலையின் அளவு அது. நூறு மில்லி ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் பிலிருபின், அதாவது உடம்பை மஞ்சளாக்குகிற பொருள், என்று ஆய்வகச் சீட்டில் அச்சாகியிருக்கும். சென்னைத் தாய்மார்களுக்கு அது பாயிண்ட். எனக்குப் பதினான்கு, உனக்கு எவ்வளவு என்று கட்டிலுக்குக் கட்டில் விசாரித்துக்கொள்வார்கள். மார்க் குறையக் குறைய முகம் மலர்கிற பரீட்சை உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

26 வருடம் செவிலியராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் குழந்தைகளோடுதான். டிஸ்சார்ஜ் ஆகிற தாய்மார்களுக்கு அறிவுரை சொல்வது எங்கள் வேலைகளில் ஒன்று. எத்தனை ஆயிரம் முறை சொன்னேன் என்று கணக்கு கிடையாது. பல வருடங்கள் அதை மிக மோசமாகச் செய்தேன் என்பது மட்டும் தெரியும்.

காட்சி எப்போதும் ஒன்றுதான். காலை பதினொரு மணி. கணவர் ஏதோ ஒரு நகல் எடுக்கக் கீழே ஓடியிருப்பார். மாமியாரோ அம்மாவோ பிளாஸ்க்கையும் டம்ளரையும் துணிகளையும் ஒரே பைக்குள் திணித்துக்கொண்டிருப்பார். ஆட்டோ வந்துவிட்டது என்று யாராவது வாசலிலிருந்து குரல் கொடுப்பார்கள். தையல் வலியோடு கட்டிலின் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணிடம் நான் போய் நின்று ஒப்பிப்பேன்: இரண்டு மணிக்கு ஒரு முறை பால் கொடுக்க வேண்டும், தொப்புளில் எதையும் தடவக் கூடாது, உடம்பு மஞ்சளாகத் தெரிந்தால் உடனே கொண்டுவர வேண்டும், 45-ஆம் நாள் தடுப்பூசி. "சரி சிஸ்டர்" என்பாள். சீட்டில் ஒரு டிக். மொத்தம் நான்கு நிமிடம்.

இதில் பெரிய ஓட்டை நாள் கணக்கில் இருக்கிறது. நிறைமாதத்தில் பிறக்கிற குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு முதல் வாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற அளவு மஞ்சள் வரும். குறைமாதக் குழந்தைகளில் எண்பது பேருக்கு. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் தலைகாட்டி, மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். சுகப்பிரசவமானால் நாம் எப்போது வீட்டுக்கு அனுப்புகிறோம்? இரண்டு நாள் கழித்து. அதாவது மஞ்சள் ஏறுகிற நாட்களில் குழந்தை டாக்டர் கண்ணிலும் இல்லை, செவிலியர் கண்ணிலும் இல்லை. என்னைப் பெற்றது திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறிப் பல காலம் ஆகியும் எங்கள் வீட்டில் அது கோஷாதான். ஒரு வாரம் போல அங்கேயே வைத்திருந்ததாக அம்மா சொல்வார். இன்று அவ்வளவு கட்டில்களுக்கு எங்கே போவது? சீக்கிரம் அனுப்புவதில் தவறில்லை. அனுப்பும்போது எங்கள் கண்ணையும் கூடவே கொடுத்து அனுப்ப வேண்டும். நான் காகிதத்தைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

வருடம் வேண்டாம், ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். நான் டிக் போட்டு அனுப்பிய ஒரு பெண் ஆறாம் நாள் இரவு ஒன்பது மணிக்குக் குழந்தையோடு திரும்பி வந்தாள். துணியை விலக்கியதும் உள்ளங்கால் தெரிந்தது. பழுத்த மாம்பழத் தோலின் நிறம். 26 பாயிண்ட். தாய்க்கு ஓ வகை ரத்தம், குழந்தைக்கு பி. இப்படிப் பொருந்தாமல் போனால் மஞ்சள் வேகமாக ஏறலாம். மஞ்சளைக் குறைக்கிற நீல ஒளி விளக்கை இரு பக்கமும் வைத்து, அப்படியும் போதாமல் விடியற்காலையில் ரத்தம் மாற்ற வேண்டியதாயிற்று.

வந்த அன்றிரவே அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அதட்டலாகத்தான் கேட்டேன், அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. மஞ்சளாகத் தெரிந்தால் வரச் சொன்னேனே, ஏன் வரவில்லை? அவள் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் குழந்தை எலுமிச்சம்பழ நிறம் என்று மெச்சினார்களாம். அப்பா கறுப்பு, அம்மா மாநிறம், குழந்தை மட்டும் இப்படித் தங்கமாகப் பிறந்திருக்கிறதே என்று சித்தி திருஷ்டி கழித்தாராம். ஐந்தாம் நாளிலிருந்து குழந்தை அழுவதையே நிறுத்தியிருக்கிறது. பாலுக்கும் எழவில்லை. அதற்கும் பாராட்டு: சமத்துக் குழந்தை, அம்மாவைத் தூங்க விடுகிறது.

நான் சொன்ன 'மஞ்சள்' அவர்கள் வீட்டில் 'நல்ல நிறம்' ஆகிவிட்டது. பிலிருபின் மூளையைத் தொடப் போகிறது என்பதற்கான முதல் எச்சரிக்கை, அந்த மயக்கமான தூக்கம், 'சமத்து' ஆகிவிட்டது. சிவந்த மேனிக்காகக் குங்குமப்பூ வாங்கிக் கொடுக்கிற ஊரில், குழந்தை வெளுப்பாக இருக்கிறது என்று யார் கவலைப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவருவார்கள்? எங்கள் அறிவுரைச் சீட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அந்தக் குழந்தை பிழைத்தது. மூன்றாம் மாதம் காது கேட்கிறதா என்று பெரா சோதனை செய்தார்கள், கேட்டது. பிலிருபின் கட்டுக்கு மீறினால் முதலில் அடிபடுகிறவற்றில் காது நரம்பும் ஒன்று. கைகால் தன் வசத்தில் இல்லாமல் முறுக்கிக்கொள்கிற மூளைவாதமும் வரும். வந்துவிட்டால் சரி செய்ய வழியில்லை. நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் விளக்கு வெளிச்சமே போதும். இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய ஊனம் வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தாய்மார்கள் இதைப் பற்றி என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன். பாதிக் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. பெரியவர்களுக்குக் கெட்ட தண்ணீராலும் உணவாலும் தொற்றுகிற கல்லீரல் அழற்சிக்கும் மஞ்சள் காமாலை என்றுதான் பெயர். பிறந்த குழந்தைக்கு வருவதற்கும் அதே பெயர். பெயர் ஒன்றானதும் வைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது. கீழாநெல்லியை அரைத்துக் குழந்தை நாக்கில் தடவுகிறார்கள். எண்ணெயும் உப்பும் இல்லாத பத்தியத்தில் தாயைப் போடுகிறார்கள். உன் பாலில்தான் காமாலை இறங்குகிறது என்று சொல்லிப் பாலை நிறுத்தி, குளுக்கோஸ் தண்ணீர் புகட்டுகிறார்கள். மூத்த பிள்ளைக்குத் தொற்றிவிடும் என்று குழந்தையைத் தனி அறையில் வைத்த வீடுகூட எனக்குத் தெரியும். சாம்பாரில் மஞ்சள்தூள் போட்டுச் சாப்பிட்டதால் வந்தது என்று ஒரு பெண் மூன்று நாள் அழுதாள்.

வயிற்றுக்குள் இருந்தவரை குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம் தேவைப்பட்டன. பிறந்து மூச்சுவிட ஆரம்பித்ததும் அவ்வளவு வேண்டாம். நமக்கு 120 நாள் வாழ்கிற சிவப்பணு குழந்தைக்கு 70 முதல் 90 நாள்தான் தாங்கும். உடைகிற அணுவிலிருந்து வருகிற மஞ்சள் கழிவுதான் பிலிருபின். கல்லீரல் அதைப் பக்குவப்படுத்திக் குடலுக்கு அனுப்ப வேண்டும், குடல் மலத்தோடு வெளியே தள்ள வேண்டும். கல்லீரலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள், கை வேகம் வர ஒரு வாரம் ஆகும். குடலில் மலம் தேங்கினால் வெளியேற வேண்டிய மஞ்சள் மறுபடி ரத்தத்துக்கே திரும்பிவிடும். பால் ஏன் முக்கியம் என்பது இங்கே வருகிறது. சீம்பால் குடித்த குழந்தை தார் போன்ற கருமலத்தைச் சீக்கிரம் கழித்துவிடும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால், ஐந்தாம் நாளுக்குள் ஆறு முறையாவது சிறுநீர், மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறுவது. இவை நடந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். குளுக்கோஸ் தண்ணீர் வயிற்றை நிரப்பும், பாலைக் குறைக்கும், மலத்தையும் குறைக்கும். காமாலையைப் போக்கக் கொடுப்பது காமாலையை ஏற்றிவிடுகிறது.

இதையெல்லாம் தாயிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் நான் மாற்றிக்கொண்ட முக்கியமான விஷயம், வாயால் சொல்வதைக் குறைத்துக் கையால் செய்ய வைத்தது. டிஸ்சார்ஜ் அன்று சொல்வதையும் விட்டேன். பிறந்த மறுநாள் காலை, பையும் ஆட்டோவும் இல்லாத நேரத்தில், குழந்தையை ஜன்னலருகே கொண்டுவரச் சொல்வேன். விளக்கு வெளிச்சம் நிறத்தை மறைக்கும். பல வீடுகளில் சுவருக்கே மஞ்சள் பெயின்ட். மஞ்சள் துணியில் சுற்றியிருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். மஞ்சள்தூள் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தையை நானே பார்த்து ஏமாந்திருக்கிறேன். குழந்தையின் மூக்கு நுனியை உன் விரலால் மெல்ல அழுத்து, எடு. ரத்தம் விலகிய இடத்தில் ஒரு நொடி தோலின் சொந்த நிறம் தெரியும். அது வெளுப்பா, மஞ்சளா? பிறகு நெஞ்சு எலும்பின் மேல். பிறகு தொடை, முழங்காலுக்குக் கீழே, கடைசியில் உள்ளங்கால். மஞ்சள் தலையிலிருந்து காலை நோக்கி இறங்கும். கறுத்த குழந்தையானால் ஈறையும் கண்ணின் வெண்மையையும் பார்க்க வேண்டும். தினமும் காலையில் ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரு வாரம் போல.

கண் மதிப்பீடு தவறும், அனுபவசாலிகளுக்கும் தவறும். எண் எவ்வளவு என்பதை நெற்றியில் வைத்துப் பார்க்கிற கருவியோ ரத்தப் பரிசோதனையோதான் சொல்ல வேண்டும். தாயிடம் நான் எண் கேட்கவில்லை. நேற்று நெஞ்சோடு நின்றது, இன்று காலுக்கு வந்துவிட்டது என்று அவள் சொன்னால் போதும். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்காலுக்கு வந்துவிட்டாலோ, பாலுக்கு எழுப்பியும் எழவில்லை என்றாலோ, கீச்சென்று அழுது முதுகை வில்லாக வளைத்தாலோ நாளை காலை வரை காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்கலாம். ஆட்டோ வாசலில் நின்றால் அதில் ஏறுவது இன்னும் சீக்கிரம்.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் அதிகம் சண்டை போட்டது இதற்குத்தான். காலை ஏழு மணி இளவெயிலில் மொட்டைமாடியில் காட்டினால் காமாலை இறங்கிவிடும் என்பது இந்த ஊரில் மருத்துவர்கள் சிலரும் வழிவழியாகச் சொல்லி வருவது. இதில் உண்மையே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒளிச்சிகிச்சை பிறந்ததே வெயிலில்தான். இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியிலுள்ள ராச்ஃபோர்டு மருத்துவமனையில், 1950-களின் நடுவில், வார்டு என்ற பெயருடைய ஒரு சிஸ்டர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குத் தூக்கிப் போவாராம். ஒரு நாள் ஒரு குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, துணியின் மூலை மூடியிருந்த இடம் மட்டும் முக்கோணமாக மஞ்சளாகவே நின்றது. சில வாரம் கழித்து, ஜன்னல் விளிம்பில் வெயில் பட மறந்து வைத்த ரத்தக் குப்பியில் பிலிருபின் அளவு குறைந்திருந்தது. அங்கிருந்த மருத்துவர் கிரெமரும் அவருடைய சகாக்களும் விளக்குத் தொட்டில் செய்து, 1958-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். முதலில் கவனித்தது ஒரு செவிலியர் என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஆனால் குல்லாவும் சட்டையும் போட்டு, முகம் மட்டும் வெளியே தெரிய, பத்து நிமிடம் மாடியில் காட்டுகிற வெயில் எத்தனை தோலில் படும்? வார்டு விளக்கின் நீல ஒளி கிட்டத்தட்ட முழு உடம்பின் மேலும், நாள் கணக்கில், அளந்து விழுகிறது. வெயிலில் அதோடு புற ஊதாக் கதிரும் வெப்பமும் சேர்ந்து வரும். மே மாதத்துச் சென்னையில் துணியை முழுதாக அவிழ்த்துக் காட்டினால் குழந்தை வற்றிப் போகும். எனக்கு வெயிலைவிட, வெயிலை நம்பிக் காத்திருக்கிற இரண்டு நாள்தான் பயம். அந்த இரண்டு நாளில்தான் பதினாறு இருபத்திரண்டு ஆகிறது.

லைட்டில் வைக்க வேண்டும் என்று சொன்னதும் தாய்மார்கள் உடைந்துபோவார்கள். கண்ணைக் கட்டி, டயப்பரோடு மட்டும், நீல வெளிச்சத்தில் தனியாகக் கிடக்கிற குழந்தையைப் பார்ப்பது பெற்றவளுக்குச் சாதாரணம் இல்லை. சிசேரியன் முடிந்து நாலாம் நாள், பிளாஸ்டிக் நாற்காலியில் இரவு முழுதும் உட்கார்ந்து, விளக்கின் நீலம் முகத்தில் அடிக்க, குழந்தை சிணுங்கும்போதெல்லாம் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொண்டே இருந்தால் விளக்கு தொட்டிலுக்குத்தான் வைத்தியம் செய்யும். முன்பெல்லாம் இதற்கும் அதட்டியிருக்கிறேன். பிறகு முன்கூட்டியே சொல்லிவைக்கக் கற்றுக்கொண்டேன்: கட்டு கண்ணைப் பாதுகாக்க, பால் கொடுக்கும்போது அவிழ்த்து முகத்தைப் பார்க்கலாம். மலம் பச்சையாக, இளகிப் போகும். அது வயிற்றுப்போக்கு இல்லை, மஞ்சள் வெளியேறுகிறது. தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். பாலுக்கு எடுக்க வேண்டும், கொடுத்ததும் மறுபடி படுக்க வைக்க வேண்டும். சப்ப முடியாத அளவு அசதியானால் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். பாலாடை எந்தப் பாட்டிக்கும் கைவந்த சாமான். அதைப் பார்த்ததும் வார்டே கொஞ்சம் வீடு மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, யாரும் எதிர்பார்க்காதது. குழந்தைக்கு முதலில் போடுவது புதுத்துணி இல்லை, பழைய துணி. தாத்தாவின் வேட்டி, பாட்டியின் நூல் புடவை. அது எங்கே இருந்தது? டிரங்குப் பெட்டிக்குள், பாச்சை உருண்டைக்கு நடுவில். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கிற குழந்தைகள் உண்டு, பெரும்பாலும் ஆண் குழந்தைகள். அந்த உருண்டையிலுள்ள நாப்தலீன் வாடை பட்டால் அவர்களுக்குச் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும், காமாலை கிடுகிடுவென்று ஏறும். எந்தக் குழந்தைக்கு இந்தக் குறை என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எல்லோரிடமும் சொல்லிவிடுவேன்: பெட்டித்துணியைத் துவைத்து நாள் முழுதும் வெயிலில் போடுங்கள், அதற்கப்புறமும் வாடை இருந்தால் தூக்கிப் போடுங்கள். உங்கள் வெயில் நம்பிக்கையைத் துணிக்குக் காட்டுங்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை என்றால் பெரும்பாலும் தாய்ப்பால் குடிக்கிற குழந்தைகளுக்கு வருகிற சாதுவான வகைதான். பாலை நிறுத்த வேண்டாம். ஆனால் மருத்துவரிடம் ஒரு முறை காட்டியே ஆக வேண்டும், மலத்தையும் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு போல வெளிறிய மலமும் துணியில் கறை பிடிக்கிற மஞ்சள் மூத்திரமும் இருந்தால் பித்தக் குழாய் அடைத்திருக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. அறுபது நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

கடைசியாக ஒரு ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடசென்னையில் பாட்டியை ஆயா என்பார்கள். காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத் தெருவாக விற்கிறவர். மகளுக்குப் பத்தொன்பது வயது, முதல் பிரசவம், 37-ஆம் வாரத்திலேயே பிறந்துவிட்ட ஆண் குழந்தை. நான் மகளை ஜன்னலருகே கூப்பிட்டு அழுத்திப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண்ணுக்கு விரல் நடுங்கியது, குழந்தைக்கு வலிக்குமோ என்று. ஆயா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொறுமையிழந்து, விலகு என்று மகளை ஒதுக்கிவிட்டுத் தானே உட்கார்ந்தார்.

"மீனை அழுத்திப் பார்க்கிற மாதிரிதானே, சிஸ்டர்? சதை எழும்புகிறதா, செவுள் என்ன நிறம் என்று?"

எனக்கு அதைவிட நல்ல உவமை இத்தனை வருடத்தில் கிடைத்ததில்லை. அப்படியேதான் என்றேன். மூக்கு, நெஞ்சு, தொடை, கால் என்று வரிசையாக அழுத்திப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலுக்கும் போய், கேட்காமலே, அந்தக் குழந்தையையும் அழுத்திப் பார்த்தார். அந்தப் பெண்ணின் மாமியார் முறைத்தார். பத்து நிமிடத்தில் அந்த மாமியாரும் அழுத்திக்கொண்டிருந்தார். வீட்டில் யார் சொன்னால் நடக்கும் என்பது எனக்கு அப்போது உறைத்தது. பத்தொன்பது வயதுப் பெண் பயந்து நின்றால் அவளை உட்கார வைத்துவிட்டு, கீழாநெல்லியா ஆஸ்பத்திரியா என்று முடிவெடுப்பது இந்தப் பெரியவள்தான். அதற்குப் பிறகு ஆயா இல்லாமல் நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

மூன்றாம் நாள் போனார்கள். மறுநாள் காலை எட்டு மணி, கார்த்திகை மாத மழை. ஷிப்ட் மாறுகிற நேரம். நனைந்த புடவைத் தலைப்பை இன்னும் பிழியாமல், பிளாஸ்டிக் தாளுக்குள் குழந்தையைப் பொத்திக்கொண்டு ஆயா வாசலில் நின்றிருந்தார். மகள் பின்னால் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டது, சிஸ்டர். உள்ளங்கால் இன்னும் நன்றாக இருக்கிறது. விளக்கைப் போடுங்கள்."

ரத்தம் எடுத்து அனுப்பினோம். பதினெட்டு. நான் சீட்டை நீட்டியபோது ஆயா அதை வாங்கிப் பார்க்கவில்லை. தொட்டிலில் விரிக்கக் கொண்டுவந்திருந்த துணியை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.